பெண்ணின் அப்பாவுக்கு ஒரு ஜூஸ்

ஹோட்டல் விருந்து மண்டபங்களின் பாரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 'ஓய்வு பெற்ற மூத்தவர்கள்' என்ற வரிசையில் என்னையும் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அன்றிலிருந்து ஓய்வு என்ற சொல்லுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் யாராவது ஒரு பொறுப்பைக் கொடுத்தால் மறுக்கத் தெரியாது. சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் அம்மா வீட்டில் மகள் தூங்கும் மதிய நேரத்தில் இதை எழுதுகிறேன். எங்காவது ஒரு வாக்கியம் அவசரமாக முடிந்திருந்தால் அவள் புரண்டு படுத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க்லிங் வைன் காக்டெயில் எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. கிளாஸைச் சாய்த்துப் பிடிப்பது, லைச்சிப் பழச் சாற்றை முதலில் விட்டு வைனைக் கடைசியில் ஊற்றுவது, நுரை விளிம்பைத் தாண்டுமுன் நிறுத்துவது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். வராவிட்டாலும் பெரிய மோசமில்லை. விருந்தினர்கள் முதலில் அதைப் படம்தான் எடுப்பார்கள். கைக்குச் சுலபத்தில் வராதது வேறொன்று. எந்தக் கிளாஸ் யார் கைக்குப் போகிறது என்பது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் தஞ்சோங் பகார் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பார் பொறுப்பாளராக இருந்த சீனப் பெண்மணி. தமிழ்க் கல்யாணங்களைப் பல வருடங்கள் கவனித்து அவர் ஒரே ஒரு விதியை உருவாக்கி வைத்திருந்தார். வைன் கலந்ததும் கலக்காததும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரே உயரக் கிளாஸ், ஒரே வெளிர் மஞ்சள், விளிம்பில் ஒரே மாதிரி எலுமிச்சைத் தோல் சுருள். உங்கள் ஆட்களுக்குக் குடிக்கவும் வேண்டும், குடிக்காதவர்களாகவும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்பார். கிண்டலாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் தேவை என்ன என்று விளக்குகிற குரலில் சொல்வார். எனக்குத்தான் காது சூடாகும்.

இந்த ஏற்பாட்டுக்குத் தனியாக ஒரு மொழியும் உண்டு. நீங்களே சீக்கிரம் கேட்பீர்கள். "ஒரு ஜூஸ் குடுங்க" என்று சாதாரணமாகக் கேட்டால் அது ஜூஸ். பக்கத்தில் சம்பந்தி வீட்டார் நிற்கும்போது குரலைக் கொஞ்சம் இறக்கி, "தம்பி, மாமாவுக்கு ஒரு ஜூஸ்" என்று கேட்டால் அது ஜூஸ் இல்லை. இந்த வித்தியாசத்தை எங்கள் ஹோட்டலில் பாலா அண்ணனைப் போலப் புரிந்துகொண்டவர் யாரும் கிடையாது. அவர்தான் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் கேப்டன். எந்த மாமாவுக்கு எந்த ஜூஸ் என்பதை அந்த மாமா நடந்து வருவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். தவறியிருந்தால் யார் புகார் கொடுத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டெல்லா என்ற மணப்பெண்ணின் கல்யாணக் கதைக்கு வருகிறேன். காலையில் தேவாலயத்தில் திருப்பலி, மதியம் எங்கள் மண்டபத்தில் விருந்து. கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, பானங்களை ருசி பார்க்க ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டுல கிளாஸைத் தூக்கி வாழ்த்துற டோஸ்ட்டுக்கு நல்ல வைனா வைக்கச் சொன்னாங்கம்மா. படிச்ச குடும்பம். குறைவா நினைச்சிடக் கூடாது" என்றார். நான் லைச்சியும் எலுமிச்சையும் சேர்த்து ஒன்றைச் செய்து காட்டினேன். பிடித்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா தனியாகப் பார்க்க வேண்டும் என்று செய்தி அனுப்பினாள். லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட்டின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் உட்கார்ந்தோம். அவள் வாங்கிய தேநீர் ஆறிக்கொண்டே இருந்தது.

"அக்கா, அப்பா குடிக்க மாட்டாங்க."

"அதுக்கென்னமா, ஜூஸ் இருக்கே. பார்க்க ஒரே மாதிரி இருக்கும்."

"இல்லக்கா. குடிக்க மாட்டாங்கன்னா, நிறுத்திட்டாங்க. அதுதான் பிரச்சினை."

நிறுத்தியது எப்படிப் பிரச்சினையாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

"நிறுத்திட்டாங்கன்னு தெரிஞ்சா, முன்னாடி குடிச்சாங்கன்னும் தெரிஞ்சிடும்லா. மாப்பிள்ளை வீட்டுக்கு அது தெரியவே தெரியாது. அப்பா சாங்கி ஏர்போர்ட்டுல கார்கோவுல வேலை பார்த்தப்போ ரொம்ப மோசமா இருந்துச்சுக்கா. இப்போதான் நல்லா இருக்காங்க. ஒரு கிளாஸ் உள்ள போனா மறுபடியும் ஆரம்பிச்சிடுவாங்கன்னு அம்மா பயப்படுறாங்க." ஆறிய தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா சும்மா பயப்படுற ஆளு இல்லக்கா."

அவளுக்கு வேண்டியது இதுதான். மேடையில் எல்லார் கையிலும் இருப்பது போல அப்பா கையிலும் ஒரு கிளாஸ் இருக்க வேண்டும். அதில் வைன் இருக்கக் கூடாது. இல்லை என்பது யாருக்கும் தெரியக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது எனக்கு வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. எதைக் கேட்டாலும் கண் கலங்கும் மாதங்கள் அவை. ஆனால் இந்த வாக்கை நான் கலங்கிக் கொடுக்கவில்லை, யோசித்துத்தான் கொடுத்தேன். யோசித்துக் கொடுத்ததால்தான் இன்னும் உறுத்துகிறது.

கல்யாண நாளில் அவருடைய கிளாஸை நானே தயார் செய்தேன். வைன் தட்டு இடப்பக்கம், ஜூஸ் தட்டு வலப்பக்கம், பெண்ணின் அப்பாவுடைய கிளாஸ் மட்டும் என் கைக்கு எட்டும் மூலையில். அறிவிப்பாளர் மேடையிலிருந்து பெரியவர்களை அழைக்க ஆரம்பித்தார். பாரைச் சுற்றி இரண்டு வீட்டுச் சொந்தங்களும் நின்றுகொண்டிருந்தார்கள். பாலா அண்ணன் தட்டோடு வந்தார். நான் அந்தக் கிளாஸை எடுத்துத் தனியாகக் கொடுத்து, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்:

"அண்ணே, இது பொண்ணோட அப்பாவுக்கு. ஜூஸ்."

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"புரியுது தங்கச்சி. நீ கவலைப்படாதே."

கவலைப்படாதே என்று யாராவது சொன்னால் நான் உடனே கவலைப்படுகிறவள். அன்றைக்கு ஏனோ நிம்மதியாக இருந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு திருப்தி. "நீ அவசரத்துல நிஜ ஜூஸையே எடுத்துக் குடுத்துட்டே. நல்லவேளை நான் மோந்து பார்த்தேன். மாத்திக் குடுத்துட்டேன். சொந்தப் பொண்ணு கல்யாணத்துல மனுஷனுக்குப் போய் ஜூஸ் குடுக்கலாமா."

தம்பி தங்கைகளே, அந்த நேரத்தில் பாலா அண்ணனைக் கோபித்துக்கொள்ள எனக்கு எந்த நியாயமும் இல்லை. வாய் மறைத்து, குரல் இறக்கி, சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது 'ஜூஸ்' என்று சொன்னது நான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அனுபவம் இல்லாத ஒரு பையனிடம் கொடுத்திருந்தால் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மேடையைப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் அப்பா ஆரோக்கியம், கோட்டு சூட்டில், கிளாஸை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். மோந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு பக்கம் மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வு பெற்ற ஆசிரியர். இன்னொரு பக்கம் மாப்பிள்ளையின் அத்தை, எல்லாவற்றையும் தானே நடத்துகிறவர் என்று பார்த்தவுடன் தெரிகிற பெண்மணி. இவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கிளாஸை மாற்றித் தரச் சொல்ல அவருக்கு வழியில்லை. கீழே முதல் மேசையிலிருந்து ஸ்டெல்லாவின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி தெரிவிக்கும் ஒரு சிரிப்பு இருந்தது. ஸ்டெல்லா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், ஏற்பாடு சரியாக நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

ஜூஸ் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். வயிற்றோடு படி ஏறுவதில் அவசரம் காட்ட முடியாது. அது நல்லதாகப் போயிற்று, என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் கிடைத்தது.

"அங்கிள், ஸாரி. என் கிளாஸ் உங்ககிட்ட வந்துடுச்சு. அது ஜூஸ், எனக்காக எடுத்து வச்சது." வயிற்றைக் காட்டினேன். "உங்களோடது இதுதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "என்ன சம்பந்தி, பிள்ளைத்தாச்சி ஜூஸைப் போய்ப் பிடுங்கிட்டீங்களே" என்றார் அத்தை. ஆரோக்கியம் அங்கிள் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸை மாற்றிக்கொண்டார்.

இதைத்தான் சமயோசிதம் என்பார்கள் போலும் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன். ஜூஸ் என்று சொல்லி வைனை வாங்கிக்கொண்டேன். வைன் என்று சொல்லி ஜூஸைக் கொடுத்தேன். எல்லாருக்கும் திருப்தி. இறங்குவதற்குத் திரும்பினேன்.

"எங்கம்மா போற?" அத்தை என் முழங்கையைப் பிடித்தார். "வயித்துப் பிள்ளையோட மேடைக்கு வந்திருக்கே. ஆசீர்வாதம் மாதிரி. நீயும் எங்ககூட வாழ்த்திட்டுப் போ."

"டியூட்டியில குடிக்கக் கூடாது ஆன்ட்டி."

"ஜூஸுக்கு என்னம்மா டியூட்டி?"

ஜூஸுக்கு டியூட்டி கிடையாதுதான்.

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கல்யாண விருந்துகளில் எல்லாரும் கிளாஸைத் தூக்கி 'யாம் செங்' என்று கத்துவார்கள். சீனர்கள் வழக்கம், இப்போது நம் வழக்கமும் ஆகிவிட்டது. 'யாம்' என்பதை மூச்சு முட்டும்வரை மண்டபமே சேர்ந்து இழுக்கும். 'செங்' என்றதும் கிளாஸ் காலியாக வேண்டும். பாதியில் வைக்கக் கூடாது. வாழ்த்து பாதியில் நின்றதுபோல ஆகிவிடும் என்று அத்தை எனக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டே என் கிளாஸின் அடியில் ஒரு விரலை வைத்துத் தூக்கிவிட்டார்.

அறிவிப்பாளர் ஆரம்பித்தார். மண்டபம் 'யா' என்று எழுந்தது. நான் கிளாஸுக்குள் பார்த்தேன். ஸ்பார்க்லிங் வைனின் குமிழிகள் மிகவும் பொடியானவை. அடியிலிருந்து நூல் பிடித்ததுபோல விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். சோடாக் குமிழிகள் பெரிதாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் அடங்கிவிடும். இதை நான் எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நூல் ஏறுவதைப் பார்த்தபோது வயிற்றுக்குள் அவள் ஒரு உதை விட்டாள்.

கிளாஸைக் கீழே போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் இன்றுவரை நினைக்கிறேன். மயக்கம் வருவதுபோல நடித்திருக்கலாம். அது நாலு மாதம் கழித்துப் பால் புகட்டும்போது தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: உதட்டில் மட்டும் வைத்து எடுப்பது. வைத்தேன். நுரை பட்டது. அத்தையின் விரல் இன்னும் கிளாஸின் அடியில் இருந்தது.

"நிறுத்துங்க."

ஆரோக்கியம் அங்கிள்தான். அறிவிப்பாளரின் மைக் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுவதும் கேட்டது. 'யாம்' ஒவ்வொரு மேசையாக இறங்கி அடங்கியது.

"அந்தப் பொண்ணு கையில இருக்கிறது ஜூஸ் இல்ல. என் கையில இருக்கிறதுதான் ஜூஸ்." அவர் என்னிடமிருந்து கிளாஸை வாங்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கேக் மேசையில் வைத்தார். "எனக்காகத்தான் மாத்திக் குடுத்துச்சு. நான் குடிக்கிறதில்ல. முன்னாடி குடிச்சேன். ரொம்பக் குடிச்சேன். நிறுத்திட்டேன்."

ஸ்டெல்லாவின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லா அப்பாவைப் பார்த்தாள், பிறகு மாமனாரைப் பார்த்தாள். எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் நினைத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும் சம்பந்தி."

"என்ன தெரியும்?"

"குடிப்பீங்கன்னு. பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடியே மாதா கோயில்ல நாலு பேரை விசாரிச்சோம். நாலு பேரும் சொன்னாங்க. குடிப்பார், ஆனா நல்ல மனுஷன்னு. நிறுத்தினதைத்தான் ஒருத்தரும் சொல்லல."

"அது யாருக்கும் தெரியாதே" என்றார் ஆரோக்கியம் அங்கிள்.

அத்தைக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "உங்களுக்காகத்தானே இந்த வைனையே வைக்கச் சொன்னோம். எங்க வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டோம். சம்பந்தி மனசு கோணக் கூடாதேன்னு பார்த்தோம்."

"எங்க வீட்டுல நீங்க கேட்டீங்கன்னுதான் வச்சோம்" என்றார் ஆரோக்கியம் அங்கிள்.

"எங்களுக்காக நாங்க எதுக்குக் கேட்கப்போறோம்? இதோ பாருங்க, நான் ஜூஸ்தான் கேட்டு வாங்கினேன்." அத்தை தன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. மாப்பிள்ளையின் அப்பாவும் மோந்து பார்த்தார். அவரும் ஜூஸ்தான் கேட்டிருந்தார். மேடையில் நின்ற பெரியவர்கள் எல்லாருமே, சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது, குரலை இறக்கி, மரியாதையாக ஜூஸ் கேட்டிருந்தார்கள். பாலா அண்ணன் அத்தனை பேருக்கும் வைன் கொடுத்திருந்தார், ஒருவரையும் ஏமாற்றவில்லை.

எல்லாருக்கும் கிளாஸ் மாற்ற வேண்டியிருந்தது. பாலா அண்ணன் ஜூஸ் தட்டோடு மேடைக்கு வந்தார். அவ்வளவு வருடச் சேவையில் முதல்முறையாக ஒவ்வொருவரையும் நேரே பார்த்து, "ஜூஸ்னா ஜூஸ்தானே சார்?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா சம்பந்தியின் தோளில் கை வைத்தார். "கஷ்டமா இருந்துச்சா, நிறுத்துறது?" என்று அவர் கேட்டது மைக்கில் விழவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "அதைவிட மறைக்கிறது கஷ்டம்" என்றார் இவர். அறிவிப்பாளர் மெதுவாக, அனுமதி கேட்பதுபோல, மறுபடியும் 'யாம்' என்று ஆரம்பித்தார்.

உதட்டில் பட்ட அந்த நுரையைப் பற்றி மறுநாளே டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன். அவரும் சிரித்தார். இரண்டு பேர் சிரித்ததில் எனக்குத் திருப்தி வரவில்லை. மகள் காரணமில்லாமல் விக்கும்போதெல்லாம் இன்றும் அந்த மேடை ஞாபகத்துக்கு வருகிறது.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஒருவர் ஜூஸ் கேட்டால் எந்த ஜூஸ் என்று கேளுங்கள். எவ்வளவு அனுபவம் வந்தாலும் கேளுங்கள். அனுபவம் வந்தபிறகு இன்னும் கூடுதலாகக் கேளுங்கள். ஒருவர் குடிப்பது ஊருக்கே தெரிந்திருக்கும், அவர் நிறுத்தியது அவர் வீட்டைத் தாண்டியிருக்காது. நம் வேலையில் இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். இப்படி எழுதிவிட்டேனே தவிர, சம்பந்தி வீட்டார் முன்னால் 'எந்த ஜூஸ்' என்று எப்படிக் கேட்பது என்று எனக்கே தெளிவில்லை. குரலை இறக்கிக் கேட்டால் மறுபடியும் அதே கதைதான்.

ஆரோக்கியம் அங்கிள் இன்றுவரை குடிக்கவில்லை. அதை ஸ்டெல்லா அவ்வப்போது சொல்வாள், நாங்கள் தொடர்பில் இருக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு மரியாதை கூடிவிட்டதாம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஓடி வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "அங்கிளுக்கு ஜூஸ், நிஜ ஜூஸ்" என்று ஒரு பெரிய கிளாஸைக் கையில் கொடுக்கிறார்களாம். அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் குடித்து முடித்தால் இன்னொன்று வரும்.

போன வாரம் ஸ்டெல்லா அழைத்தாள். அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம், வீட்டிலேயே சின்ன விருந்து. ஏதாவது நல்ல பானமாகச் சொல்லித் தர வேண்டுமாம்.

"வைனோடயா, இல்லாமலா?" என்று கேட்டேன்.

"அது இல்லக்கா. சீனி இல்லாம. அப்பாவுக்குச் சுகர் வந்துடுச்சு. டாக்டர் ஜூஸைச் சுத்தமா நிறுத்தச் சொல்லிட்டாரு."

"அப்போ வெறும் சோடாவும் எலுமிச்சையும் போதுமே."

"போதும்தான். ஆனா பார்க்க அப்படியே ஜூஸ் மாதிரி இருக்கணும்க்கா. அப்பா யாருக்கும் தெரியக் கூடாதுங்கறாங்க."